நாளை மீண்டும் வந்து பாருங்கள்

அண்ணன் கேக் வாங்கி வந்திருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அண்ணன் கேக் வாங்கினால் பின்னால் ஒரு வேலை ஒளிந்திருக்கும். அந்த வேலை சுற்றி வளைத்து அவள் தலையில்தான் வந்து விழும். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே இதுதான் நடைமுறை.

வீட்டில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். வைத்தவன் அண்ணன்தான். லேசாக உரசினால் போதும், பற்றிக்கொள்வாளாம். உரசுகிறவனுக்கு ஏன் ஒரு பெயரும் வைக்கவில்லை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

டயர் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். அதுதான் அண்ணனின் நிறுவனம். காதுக் கருவி விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். முன்னறையில் அண்ணி, ஒரு தொலைபேசி, கூரியர் பொட்டலங்கள். நடு அறையில் அண்ணனும் அவளும் எதிரெதிர் மேஜைகளில். உள்ளறையில் பழுது பார்ப்பவர் இருப்பார். எந்நேரமும் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருப்பதால் அவர் பெயர் லென்ஸ். இரண்டு வருடத்துக்கு முன்புவரை தெருவில் கடை இருந்தது. அண்ணன் அதை மூடிவிட்டு எல்லாவற்றையும் வெப்சைட்டுக்கு மாற்றினான். கருவி கெட்டுப்போனால் வெப்சைட்டில் பதிவு செய்து கூரியரில் அனுப்ப வேண்டும். சரியானதும் கூரியரிலேயே திரும்பி வரும். 'நேரில் வரவே வேண்டாம்' என்று முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும். முகவரி எங்கேயும் இருக்காது.

அந்த வெப்சைட்டை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை செய்தவள் அவள்.

"எழுபத்தி மூணு!" என்றான் அண்ணன், கேக்குக்கு மேல் கத்தியைப் பிடித்துக்கொண்டே. "நூறு பேர் வந்தா அதுல எழுபத்தி மூணு பேர் திரும்பி வந்தவங்க. முப்பது வந்தாலே பெரிய விஷயம்னு அந்த வகுப்புல சொன்னாங்க. நாம எழுபத்தி மூணு! ரெண்டு மாசமா ஏறிக்கிட்டே போகுது!"

நடு அறைச் சுவரில் ஒரு டிவி உண்டு. அதில் படம் ஓடாது, செய்தி ஓடாது. 'திரும்பி வந்தவர்கள்' என்று ஒரே ஒரு எண் பகல் முழுக்க நிற்கும். அண்ணன் ஏதோ ஓட்டல் மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பிறகு மாட்டியது அது. வெப்சைட்டுக்கு வந்தவரை எப்படித் திரும்பத் திரும்ப வரவைப்பது என்பதுதான் வகுப்பு. வந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய ஆசைகளோடு அவள் முன்னால் உட்கார்ந்தான். சுழற்றினால் பரிசு விழும் சக்கரம் வேண்டும். 'சலுகை முடிய இன்னும் பத்து நிமிடம்' என்று ஓடும் கடிகாரம் வேண்டும். 'இந்த நொடியில் பதினேழு பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு பொய் வேண்டும்.

அன்று அவள் ஆடிய ஆட்டத்தில் கீழே டயர் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "ஏமாத்தி வரவைக்கிறதுக்கு நான் டிசைன் படிக்கல," என்று கத்தினாள். "ஒரே ஒரு பக்கம் மனுஷனுக்கு உபயோகமா இருந்தா போதும். ஜனங்க தானா வருவாங்க."

சொன்னபடியே ஒரு பக்கம் செய்தாள். 'என் கருவி எங்கே?' என்பது அதன் பெயர். ரசீது எண்ணைப் போட்டால் ஒரு சின்னக் காது படம் பாதையில் நடந்து வரும். வந்து சேர்ந்தது, பார்க்கிறோம், சரிசெய்கிறோம், சோதிக்கிறோம், தயார் என்று ஐந்து நிறுத்தங்கள். கண்ணை உறுத்தாத வெளிர்பச்சை. வயதானவர்களும் கண்ணாடி தேடாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து. வேலை நகராமல் நிற்கும் நாட்களில் வெறும் படத்தைக் காட்டினால் வந்தவர் பயந்துவிடுவார் என்று, அந்த இடத்துக்கு யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினாள். 'உங்கள் கருவி நல்ல கைகளில் இருக்கிறது. நாளை மீண்டும் வந்து பாருங்கள்.'

அண்ணி அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினாள். எழுதியவளுக்கே அந்த வரியின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. பிள்ளையைப் பெற்றவள் ஊரெல்லாம் காட்டுவது போல வெப்சைட்டில் கண்ட இடத்திலும் அதை ஒட்டிவைத்தாள்.

"வெள்ளிக்கிழமை பெரிய கம்பெனிக்காரங்க வர்றாங்க," என்றான் அண்ணன், கேக்கை வாயில் வைத்துக்கொண்டு. "பதினோரு ஊர்ல கடை. நம்ம வெப்சைட்டையே எல்லாக் கடைக்கும் எடுத்துக்கறதா பேச்சு. அவங்க கேட்டது இந்த ஒரு நம்பரைத்தான். அதனால நீ என்ன பண்றே, குட்டி..."

வந்துவிட்டது வேலை.

"அதிகத் தடவை திரும்பி வந்தவர் யாருன்னு கண்டுபிடி. அவங்களுக்கு ஒரு பட்டம், ஒரு பரிசு. 'எங்கள் நம்பர் ஒன் ரசிகர்'னு போட்டோவை முகப்புல போடறோம்."

முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கும் ஆசைதான். தான் செய்த பக்கத்தைத் தேடித் தேடி வந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? கேக்கைத் தொடாமல் போய் உட்கார்ந்து வருகைப் பதிவைத் திறந்தாள்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. ரசீது எண் 1187. முப்பத்தெட்டு நாளில் இருநூற்றுப் பதினான்கு முறை.

பெருமையில் அவள் காது சிவந்தது. அடுத்த வரியைப் படித்தாள். காலை ஐந்தரை. ஐந்து முப்பத்திரண்டு. ஐந்து நாற்பது. அப்புறம் மதியம் ஒரு மணி, ஒன்று பத்து. சாயங்காலம் ஆறு. மறுநாளும் அதே நேரங்கள். வேறெந்தப் பக்கத்தையும் அந்த ஆள் பார்க்கவில்லை. 'என் கருவி எங்கே?' மட்டும்தான். ஒவ்வொரு முறையும் ஒன்பது, பத்து நொடி. காது படம் முப்பத்தாறு நாளாக இரண்டாவது நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒன்பது நொடியில் ஒருவர் எதை ரசிக்க முடியும்?

பதிவிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். மூன்றாவது முறையும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த நிமிடம் ஒரு செய்தி வந்தது.

'யாரு? போன்ல பேச முடியாது. காது கேக்காது. என் மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. எழுதுங்க.'

அவள் கணினித் திரையைப் பார்த்தாள். அவள் செய்த அழகான பக்கம். அடியில் அவளே தேர்ந்தெடுத்த எழுத்தில் ஒரு வரி: 'மேலும் விவரம் வேண்டுமா? எங்களை அழையுங்கள்.' கீழே தொலைபேசி எண். அதைத் தவிர ஒன்றும் கிடையாது. முன்பு அங்கே எழுதி அனுப்ப ஒரு பெட்டி இருந்தது. அண்ணிக்குப் பதில் எழுத நேரமில்லை என்று அண்ணன் எடுக்கச் சொன்னான். அவளும் ஒரு வார்த்தை மறுக்காமல் எடுத்தாள். எடுத்த பிறகு பக்கம் பளிச்சென்று இருந்தது, அதுதான் காரணம். ஊராருடைய காதையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக. இந்தக் கூத்து மூன்று அறையில் நான்கு பேருக்கும் உறைக்கவில்லை.

தான் யார் என்று எழுதினாள். பதில் மளமளவென்று வந்து விழுந்தது.

'ஓ நீங்களா. முப்பத்தெட்டு நாளா நல்ல கைல இருக்குன்னு போட்டிருக்கீங்களே, யார் கை அது?'

'பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டுப் போன் பண்ணச் சொன்னேன். வெப்சைட்ல பாருங்க, அதுலதான் சரியா இருக்கும்னு உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா சொன்னாங்களாம்.'

'நான் கிடங்குல பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவ. பதினாறு வருஷமா ஓட்றேன். பின்னால வர்ற வண்டி ஹாரன் கேக்கலன்னு இறக்கி விட்டுட்டாங்க. இப்ப பெட்டிக்கு லேபிள் ஒட்டறேன். நாளைக்கு ரெண்டு மணிக்கு மிஷின் மாட்டிட்டு வந்து ஓட்டிக் காட்டணும். இல்லன்னா வண்டி வேற ஆளுக்குப் போயிடும். இதுக்கு மேல கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.'

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தக்கூட இல்லை, உள்ளறைக்குப் போனாள்.

"லென்ஸ் சார், 1187 எங்க?"

"அதுவா?" அவர் தலை நிமிராமலே காலால் மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் தள்ளினார். பெட்டியின் மேல் 'பதில் வரணும்' என்று எழுதியிருந்தது. உள்ளே சின்னச் சின்ன உறைகள். "கேள்வி கேட்டு வச்சிருக்கேன், பதிலே இல்ல. மைக் போயிடுச்சு. புதுசு போட்டா சத்தம் கொஞ்சம் கூர்மையா விழும். சில பேருக்குத் தலை வலிக்கும். போடவா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். கேக்காம நான் கை வைக்கறதில்ல. என்ன ஜனங்களோ, மிஷினை அனுப்பிட்டு மறந்தே போயிடறாங்க."

"எங்க கேட்டீங்க?"

"நீ போட்டுக் குடுத்த குறிப்புப் பெட்டியிலதான். வேற எங்க?"

அந்தக் குறிப்பு முன்பெல்லாம் வாடிக்கையாளரின் பக்கத்தில் தெரியும். ஒருமுறை லென்ஸ் யாருக்கோ 'காதைச் சுத்தம் பண்ணவும், கைப்பிடி அழுக்கு' என்று எழுதிவைக்க, அந்த ஆள் தாம்தூம் என்று குதித்தார். லென்ஸின் மொழி தன் வெளிர்பச்சைக்கு ஒத்துவராது என்று அவள் குறிப்புகளை மொத்தமாக மறைத்துவிட்டாள். அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான். லென்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

பெட்டியிலிருந்த உறைகளை எண்ணினாள். நாற்பத்து நான்கு. சுவரில் தொங்கும் எழுபத்து மூன்று எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது. நாற்பத்து நான்கு பேர் காலையும் மாலையும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். லென்ஸ் இவர்களின் பதிலுக்குக் காத்திருக்க, இவர்கள் அவர் வேலைக்குக் காத்திருக்க, நடுவில் நின்றுகொண்டு இரு பக்கமும் வாயைப் பொத்தியது அவளுடைய அந்த அருமையான பக்கம்.

சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். லென்ஸ் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருடைய இரண்டு கண்ணையும் ஒன்றாக அவள் அன்றுதான் பார்த்தாள்.

"இருபத்தேழு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்," என்றார். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத மனுஷங்கன்னு தினம் வாயாரத் திட்டினேனேம்மா அவங்களை. என்னைப் பாவி ஆக்கிட்டியே."

முன்னறையிலிருந்து அண்ணி வந்து நின்றிருந்தாள். "அப்ப போன்ல கத்தறவங்க..." என்றாள். "நான் பேசறதைக் காதுலயே வாங்காம அவங்க பாட்டுக்கு ஒரு நம்பரைக் கத்திட்டு வச்சிடுவாங்க. மரியாதை தெரியாத கூட்டம்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

லென்ஸுக்கு அவர்கள் மறதிக்காரர்கள். அண்ணிக்கு மரியாதை கெட்டவர்கள். அண்ணனுக்கு ரசிகர்கள். காது கேட்காமல் தவிக்கும் மனிதர்களாக அவர்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அண்ணனிடம் போனபோது அவன் பரிசுக்கு எந்த நிற ரிப்பன் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்தான். அதை மறுக்கக் கூடாது, முதல் ஒரு நிமிடம் அவன் மனிதனாகத்தான் இருந்தான். பிறகு டிவியைப் பார்த்தான்.

"சரி. தப்புதான். அந்தக் கிடங்கு அம்மாவுக்கு மட்டும் இப்பவே அனுப்பிடு. மத்ததைத் திங்கக்கிழமை சரி பண்ணு."

"ஏன் திங்கக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க இல்ல? இப்ப நீ திறந்து விட்டா எல்லாரும் பதில் சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எவன் திரும்பி வருவான்? நம்பர் தரையைத் தொட்டுடும்."

"அண்ணா, அது ரசிகர் கூட்டம் இல்ல. கதவைத் தட்டிக்கிட்டு வெளிய நிக்கற கூட்டம்!"

"நாலஞ்சு நாள்தானே? இத்தனை நாள் பொறுத்தவங்க இன்னும் நாலஞ்சு நாள் பொறுக்க மாட்டாங்களா?"

அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். மனசாட்சியை அந்த ஓட்டல் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தாயா என்றாள். உன் காதைப் பிடுங்கி அந்தப் பெட்டியில் போட்டால்தான் உனக்குப் புரியும் என்றாள். ஒரு நாள் முழுக்கப் பஞ்சை அடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து பார், அப்புறம் பொறுமையைப் பற்றிப் பேசு என்றாள். கேக் தட்டு கீழே விழுந்தது. அவள் தள்ளினாளா, அவன் கை பட்டதா தெரியாது.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"அந்த வரியை நான் எழுதினேனா? சக்கரம் வேணாம், கடிகாரம் வேணாம், ஏமாத்து வேலை வேணாம்னு குதிச்சியே. என்னோட பொய்யை எவனும் நம்பியிருக்க மாட்டான், ரெண்டு நாள்ல காறித் துப்பிட்டு வேற கடைக்குப் போயிருப்பான். உன்னோட வரியைத்தான் நம்பி நாற்பது பேர் உக்காந்திருக்காங்க. என்னைக் கேக்க வந்துட்டே."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை என்பதாலேயே அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காக ஏறியது. தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், போய் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

"குட்டி, கையை எடு."

"முடியாது."

"நான் முதலாளி, சொல்றேன்."

"அப்ப நீயே உக்காந்து செய்."

அவனுக்கு வெப்சைட்டில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தத் தெரியாது. அது இருவருக்கும் தெரியும். அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். அண்ணி குனிந்து சிதறிய கேக்கைத் துடைத்தபடியே சொன்னாள்: "அவளை விடுங்க. உங்களுக்கு வேணும்னா நீங்க வெள்ளிக்கிழமை அவங்களுக்குப் போன் பண்ணி, நீங்க பேசறது எனக்குக் கேக்கலைன்னு சொல்லிடுங்க." அண்ணி அப்படி எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் விருட்டென்று மாடிப்படி இறங்கிப் போய்விட்டான்.

சாயங்காலத்துக்குள் குறிப்புகள் பக்கத்தில் தெரிந்தன. கீழே எழுதி அனுப்பும் பெட்டி திரும்பி வந்தது. நாற்பத்து நான்கு பேருக்கும் செய்தி போனது. பதில்கள் வர ஆரம்பித்தன. சிலர் நன்றி என்று எழுதினார்கள். பலர் வேறு மாதிரி எழுதினார்கள். அவற்றை அண்ணி ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதினாள். 1187-இன் பதில் ஒரே வார்த்தை: 'போடுங்க.' லென்ஸ் அன்று வீட்டுக்குக் கிளம்புவதற்குள் மைக்கை மாற்றிச் சோதித்து, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்தார். கூரியர் மறுநாள் இரண்டு மணிக்குள் போய்ச் சேராது. அவளேதான் போக வேண்டும்.

காலை ரயிலில் நான்கு மணி நேரம். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கிடங்கு, ஒரு தெருவே கூரைக்குள் வந்துவிட்டது போல நீளமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் சத்தம் காதை அடைத்தது. ஏழெட்டு ஃபோர்க்லிஃப்ட்கள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பின்வாங்கும்போது பீப் பீப் என்று அலறியது. ஓரமாக ஒரு மேஜையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்கையில் லேபிள்களை வரிசையாக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாக உரித்து, அறைவது போலப் பெட்டியில் ஒட்டினாள்.

அவள் அந்தப் பெண்ணிடம் டப்பாவை நீட்டினாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் எதிரில் இருந்தவளுக்குக் கேட்டிருக்காது.

வண்டி ஓட்டும் அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், திறந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டினாள். ஒரு கணம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு நன்றியும் இல்லை, திட்டும் இல்லை, நேராக மேற்பார்வையாளரிடம் நடந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை.

அவள் பலகைகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது. பெட்டிகளைத் தூக்கி மூன்றாவது அடுக்கில் வைத்தது. மேற்பார்வையாளர் வேறொரு வண்டியைப் பின்னால் வரவைத்து, திடீரென்று ஹாரன் அடிக்கச் சொன்னார். முதல் வண்டி சட்டென்று நின்றது. மறுபடி தூரத்திலிருந்து. நின்றது. மூன்றாவது முறை மிக லேசாக. அதற்கும் நின்றது. மேற்பார்வையாளர் காகிதத்தில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி நேராக அவள் முன்னால் வந்து நின்றது.

"அந்த வரியை எழுதினது யாரு?" இத்தனை நாள் தன் குரலே தனக்குக் கேட்காமல் பேசிய பழக்கம், குரல் கூரையில் மோதியது.

"நான்தான்."

"மொத வாரம் அதைப் படிச்சா நிம்மதியா இருந்துச்சு. பரவால்ல, அக்கறையா எழுதியிருக்காங்களேன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம், நான்தான் அவசரப்படறேனோன்னு என்னையே திட்டிக்கிட்டேன். மூணாவது வாரம் போனைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். இதோ பாருங்க கீறல். திட்டறதுக்கு ஒரு ஆள் இல்ல அங்க. எவனாவது 'முடியாது போ'ன்னு எழுதியிருந்தா வேற எங்கயாவது போய் நின்னிருப்பேன். நீங்க இனிக்க இனிக்க எழுதி என்னை உக்கார வச்சிட்டீங்க."

"மன்னிச்சிடுங்க."

"அது கெடக்கட்டும். இப்ப என்ன போட்டிருக்கீங்க? காட்டுங்க."

அவள் அந்தப் பெண்ணின் கீறல் விழுந்த போனிலேயே பக்கத்தைத் திறந்து காட்டினாள். லென்ஸின் கேள்வி, தேதியோடு, அவர் எழுதிய மொழியிலேயே இருந்தது. கீழே எழுதும் பெட்டி. வண்டி ஓட்டுபவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, ஒற்றை விரலால் எழுதினாள். 'மிஷின் வந்துடுச்சு. இனிமே உங்க வெப்சைட் பக்கமே தலை வைக்க மாட்டேன்.' அனுப்பு என்பதை அழுத்தினாள்.

திரை வெளிர்பச்சையாக மாறியது. சின்னக் காது படம் ஒன்று தலையாட்டியது. 'நன்றி. உங்கள் செய்தி நல்ல கைகளில் இருக்கிறது. நாளை மீண்டும் வந்து பாருங்கள்.'

அவசரத்தில் பழைய எழுதும் பெட்டியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அதன் பின்னால் தன் பிள்ளை ஒளிந்திருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

வண்டி ஓட்டுபவள் அதை முழுவதும் உரக்கப் படித்தாள். பக்கத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்துவிட்டுப் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"இன்னும் எத்தனை எடத்துல இருக்கு இது?"

"அஞ்சோ ஆறோ. சரியாத் தெரியல."

"எடுங்க. இங்கயே எடுங்க. நான் பாக்கணும்."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துப் பலகை அடுக்கின் மேல் வைத்தாள். வண்டி ஓட்டுபவள் இடுப்பில் கைவைத்துத் தலைக்கு மேல் நின்றாள். முதலில் இந்த நன்றிப் பக்கம். அப்புறம் பதிவு செய்ததும் வருவது. அப்புறம் மின்னஞ்சலின் அடி. ஒவ்வொன்றையும் அழிக்கும்போது ஏதோ நகத்தைப் பிடுங்குவது போல இருந்தது. ஒவ்வொன்றையும் அழித்ததும் மேலிருந்து குரல் வந்தது: "அடுத்தது?"

நான்காவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, "உங்க பையில போன் அடிக்குது," என்றாள் வண்டி ஓட்டுபவள்.

அவளுக்குக் கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் ஒரு வண்டி பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. சந்தேகத்தோடு பைக்குள் கைவிட்டாள். உண்மைதான், துணிக்கு அடியில் போன் முனகிக்கொண்டிருந்தது. அண்ணன். ஏற்கெனவே பத்து முறை கூப்பிட்டிருந்தான். நடுவில் ஒரு செய்தியும் இருந்தது. 'நம்பர் இருபத்தொன்பதுக்கு வந்துடுச்சு. நாளைக்கு அவங்ககிட்ட நான் என்னத்தைக் காட்டறது?'

"யாரு?"

"எங்க அண்ணன். முதலாளி."

"எடுக்கலையா?"

"இன்னும் ரெண்டு மூணு எடம் பாக்கி இருக்கு."

போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. வண்டி ஓட்டுபவள் தலையைச் சாய்த்து, புது மைக் வழியாக அதை நன்றாகக் கேட்டாள்.

"கூப்பிடட்டும்," என்றாள். "எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் வரலைன்னா எப்படி இருக்கும்னு அவருக்கும் தெரியணும்ல. நீங்க அடுத்ததை எடுங்க."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்காவது பக்கத்தைத் திறந்தாள்.